எலுமிச்சம்பழ மூக்கு

ஓய்வு பெற்றவர்களுக்கு அறிவுரை சொல்லும் உரிமை உண்டு என்கிறார்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வயது முப்பத்திரண்டு. சினிமாவில் கன்டினியூட்டி பார்க்கும் வேலையிலிருந்து போன வருடம் விலகிக்கொண்டேன். சால்வை போர்த்தவில்லை, குரூப் போட்டோ எடுக்கவில்லை. உட்கார எனக்கென்று ஒரு நாற்காலி எந்தப் படத்திலும் கிடைத்ததில்லை என்பதால் அதைத் திருப்பிக் கொடுக்கும் சிரமமும் இல்லை. இப்போது மறுபடியும் ஒரகடத்தில், படித்த படிப்புக்கு ஏற்ற மாதிரி, ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு. இரண்டும் ஒரே வேலைதான். எது மாறியிருக்கிறது என்று பார்ப்பது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் சேர்ந்து என்னைக் கேட்ட கேள்விகளில் பாதிக்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டுவிட்டேன். நடிகர் எந்தக் கையில் டம்ளரைப் பிடித்தார், சட்டையில் எத்தனை பட்டன் போட்டிருந்தது, வியர்வை எது வரை இறங்கியிருந்தது, இதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். ஒரு கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: “அக்கா, செட்டுல நாம எப்ப வாயத் திறக்கணும், எப்ப மூடிக்கணும்?”

மூடிக்கொள்ள வேண்டிய நேரங்கள்: கிட்டத்தட்ட எல்லாமே. திறக்க வேண்டிய நேரத்துக்கு என்னிடம் ஒரே ஒரு கதை இருக்கிறது.

“பக்கத்து மேசை” என்ற படத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சங்கடப்பட வேண்டாம், நீங்கள் பெரும்பான்மையோடுதான் இருக்கிறீர்கள். வசந்தி என்று ஒருத்தி. கம்பெனியில் செய்து வரும் சின்னச் சின்ன இரும்புப் பாகங்களைச் சோதித்து அனுப்பும் வேலை அவளுக்கு. பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்பவள் வேறு யாருமில்லை, தான்தானோ என்று அவளுக்கு மெல்ல மெல்ல ஒரு சந்தேகம் வருகிறது. அவ்வளவுதான் கதை. பேய் கிடையாது, ரத்தம் கிடையாது. கதவு தானாகத் திறக்காது. எல்லாமே பட்டப்பகலில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், சாப்பாட்டு மணி அடிக்கும் இடத்தில் நடக்கும். நான் எத்தனையோ பேய்ப் படங்களுக்கு வேலை பார்த்திருக்கிறேன். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்க யோசித்தது இந்த ஒரு படத்துக்காகத்தான்.

வசந்தியாக நடித்தவர் திலகம் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அதற்கு முன் அவருடைய முக்கியமான துறை பிணம். சீரியலில் நடுக்கூடத்தில் மாலை போட்டுக் கிடத்தியிருப்பார்களே, அது. மூச்சை அடக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. “நான் செத்த சீரியல் எல்லாம் நல்லா ஓடும் பிள்ள, ராசியான பொணம்னு பேரு” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் அவருக்கு ஒரு கஷ்டம் இருந்தது. ஆரம்பித்தால் நிற்காது. பிணமாகக் கிடக்கும்போதே இரண்டு முறை சிரித்து மாட்டியிருக்கிறார்.

எங்கள் இயக்குநர் அவரைப் பிடிவாதமாக வசந்தியாகப் போட்டார். தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. அவர் படப்பையில் மனை விற்பவர், மனதளவில் நல்லவர், மூக்களவில் கொஞ்சம் தாராளமானவர். இந்த மூக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. டிவியில் தெரிந்த முகமாக ஒரு நடிகையை அவர் பேசி வைத்திருந்தார். “கடைசி ஷெட்யூல்ல முக்கியமான சீன் எடுக்கும்போது நேர்ல வந்து பாப்பேன். எனக்குப் பயம் வந்தா இந்தம்மா இருக்கட்டும். வரலைன்னா அந்தம்மாவ வெச்சு மொதல்லேர்ந்து எடுத்துடலாம்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். திலகம் அக்காவும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் வலது கையில் இருந்தது. அது அப்படியே நின்றது.

படம் முழுக்க ஒரகடத்தில் ஒரு சின்னக் கம்பெனிக்குள். முதல் பாதியை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தோம். எங்களுக்காக ஒரு மிஷினை ஓட்டிவிடுவார்கள். அது தடக் தடக் என்று பாகத்தைத் துப்ப, அக்கா இடது தட்டிலிருந்து எடுப்பார், அளவுகோலில் நுழைப்பார், திருப்புவார், வெளிச்சத்துக்குக் காட்டுவார், பச்சை மையால் ஒரு புள்ளி, வலது தட்டு. அஞ்சு பாகத்துக்கு ஒரு தடவை இடது கட்டைவிரலை, சேலைக்கு மேல் போட்டிருக்கும் கம்பெனிக் கோட்டில் துடைப்பார். அது திரைக்கதையில் இல்லை. அவராகச் சேர்த்துக்கொண்டது. குறித்து வைத்துக்கொண்டேன், எல்லா டேக்கிலும் தவறாமல் வந்தது.

முக்கியமான காட்சியை ஆயுத பூஜை விடுமுறையில் வைத்தோம். நாலு நாள் கம்பெனி காலி! இயக்குநர் குதித்தார், கேமராமேன் குதித்தார், ஒரகடத்துக்காரியான நானும் மனதுக்குள் குதித்தேன். விடுமுறை என்று யோசித்தோமே தவிர, எதற்கு விடுமுறை என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

காலையில் போய்ச் சேர்ந்தோம். கேட்டருகே உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காயில் இயக்குநர் கால் வைத்து, சறுக்கிக்கொண்டே செக்யூரிட்டி அறை வரை போனார். உள்ளே ஷட்டரைத் தூக்கினால், அத்தனை மிஷினும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, ஓரத்தில் வாழைக்கன்று, மேலே கலர் காகிதத் தோரணம். கம்ப்யூட்டர் திரைக்குக்கூடப் பொட்டு. எங்கள் படத்தில் அதே இடம் சாம்பல் நிறத்தில், அழுது வடிந்துகொண்டு இருக்க வேண்டும்.

எங்களைக் கண்காணிக்க விடுமுறையிலும் வந்திருந்தவர் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் தனசேகர் அண்ணன். பக்கத்து ஊர்க்காரர். முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவருக்கு எங்கள் மேல் ஒரே வருத்தம். “இன்னா மேடம், பேய் படம்னு சொல்லிக்கினு வந்தீங்க, இத்தினி நாளாச்சு, ஒரு பேயும் கண்ணுல காட்ல?”

இயக்குநர் அவரிடம் பணிவாகப் போனார். “அண்ணா, ஒரே ஒரு மிஷின மட்டும் துடைச்சுக்கறோம். முடிஞ்சதும் நாங்களே பொட்டு வெச்சிடறோம்.”

“நீ வெக்கிற பொட்டுக்கு மிஷின் ஓடுமா தம்பி? பூஜை போட்டாச்சு. லீவு முடிஞ்சு மொத ஷிப்ட்டு வந்து, கற்பூரம் காட்டி ஆன் பண்ற வரிக்கும் ஒருத்தனும் கை வெக்கக் கூடாது. போன தபா ஒருத்தன் வெச்சான்.”

“ஐயோ, என்னாச்சுண்ணா?”

“இன்னா ஆவும்? மெமோ குடுத்தேன்.”

ஆக, துடைக்கக் கூடாது, ஓட்டக் கூடாது. மதியம் தயாரிப்பாளர் வந்துவிடுவார். இயக்குநர் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்தார். முன்பு எடுத்ததோடு எதெல்லாம் பொருந்தும் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். பொருந்துபவை: மேசை, ட்யூப்லைட், திலகம் அக்கா. பொருந்தாதவை: மற்ற எல்லாம்.

அப்போதுதான் படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார் அக்கா. தோரணத்தையும் மாலையையும் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர், இயக்குநர் முன்னால் நின்றார்.

“தம்பி, ஒண்ணு கேக்கேன். இன்னைக்கு லீவுன்னு வசந்திக்குத் தெரியுமா?”

இயக்குநர் தலை நிமிர்ந்தது. “தெரியாதுக்கா. அவ இருக்கற நிலமையில எப்படித் தெரியும்?”

“அப்போ அவ வேலைக்கு வந்திருவால்லா?”

கேமராமேன் தன் கையைத் தூக்கி, மயிர் குத்திட்டு நிற்பதை எல்லாருக்கும் காட்டினார். ஆளில்லாத கம்பெனி. ஓடாத மிஷின். பாகமே இல்லாத தட்டு. அவளுக்கு மட்டும் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது; உட்கார்ந்து ஒன்றுமில்லாததை எடுத்து எடுத்துச் சோதிக்கிறாள். எழுதி வைத்திருந்த காட்சியை இயக்குநர் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மிஷினைத் துடைக்கக் கேட்ட அதே மனிதர், தனசேகர் அண்ணனிடம் இன்னும் ரெண்டு மாலை கிடைக்குமா என்று கேட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது. கேமரா வைத்தோம். அக்கா மேசையில் உட்கார்ந்தார், எதிரே மிஷின். அமைதி. அந்த அமைதியில் சவுண்ட் பையன் என் காதில் கிசுகிசுத்தான்: “அந்த மிஷினப் பாருங்க. நம்ம ப்ரொட்யூசர் மாதிரி இல்ல?”

பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இரண்டு மீட்டர்களின் கண்ணாடியில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்: கண்கள். கீழே வளைந்து தொங்கும் சாமந்தி மாலை: வாய். நடுவே, கைப்பிடியில் யாரோ பக்தியோடு செருகி வைத்த பெரிய எலுமிச்சம்பழம். மூக்கு. அதே தாராளம்.

கிசுகிசுப்பு அக்காவின் காதுக்கும் போய்விட்டது. முதல் டேக்கில் அவர் நிமிர்ந்து பார்த்தார், “க்க்” என்று ஒரு சத்தம் வந்தது, அடுத்த நொடி மேசையைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தார். “எம்மா, சிரிப்பாணியா வருதே, என்னய விட்ருங்களேன்!” இரண்டாவது டேக்கில் மைக் பிடித்திருந்தவனின் கை குலுங்கி, மைக் நடுவில் இறங்கி வந்தது. லைட்மேன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்; தூண் அதிர்ந்தது. இயக்குநர் எல்லாரையும் திட்ட வாயைத் திறந்தார், மூக்கைப் பார்த்தார், வெளியே ஓடினார். வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தோம். தனசேகர் அண்ணன் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அந்த எலுமிச்சம்பழத்தைச் செருகியவர் அவர்.

மூன்றாவது டேக் ஆரம்பிக்கும்போது ஷட்டர் பக்கம் நிழல் தட்டியது. தயாரிப்பாளர்! நேராக வந்து, நிற்பதற்கு வேறு இடமே இல்லாத மாதிரி, அந்த மிஷினுக்குப் பின்னால் போய் நின்றார். ஒரு மூக்குக்கு மேலே இன்னொரு மூக்கு. இயக்குநர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு கையை அசைத்தார். கேமரா ஓடியது.

அக்கா ஒன்றுமில்லாத தட்டில் கை விட்டார். எடுத்தார், நுழைத்தார், திருப்பினார், வெளிச்சத்துக்குக் காட்டினார். தலையைத் தூக்கி மிஷினைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. போச்சு என்று நினைத்தோம். சின்னதாக ஆரம்பித்து, தோள் குலுங்கி, கண்ணில் நீர் வந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் மேலே ஏறியது சிரிப்பு. ‘கட்’ சொல்ல வேண்டிய வாயில் துண்டு. சுற்றி எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள்.

நான் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம். கன்டினியூட்டிக்காரி கையைத்தான் பார்ப்பாள்.

கை நிற்கவில்லை.

நிஜமான சிரிப்பு முதலில் கையைத்தான் பிடுங்கும். முதல் இரண்டு டேக்கிலும் கை செத்து விழுந்ததைப் பார்த்தவள் நான். இப்போது தோளுக்கு மேலே அவ்வளவு ஆட்டம், முழங்கைக்குக் கீழே மிஷின் ஓடிய அந்த ஞாயிற்றுக்கிழமை. அதே இடது தட்டு, அதே திருப்பல், இல்லாத பேனாவால் அதே புள்ளி, அதே வலது தட்டு. எண்ணிக்கொண்டே வந்தேன். அஞ்சாவது முடிந்தது. கட்டைவிரல் போய்க் கோட்டில் துடைத்துக்கொண்டது.

என் பேனா நின்றுவிட்டது. என் பின்னால் தனசேகர் அண்ணனின் குரல் கம்மியாக வந்தது. “மேடம், போதும்னு சொல்லு மேடம். அந்தம்மாவப் பாக்கவே எனுக்கு பயமாக்கீது.”

இயக்குநர் துண்டை உருவி ‘கட்’ சொன்னார். அடக்கி வைத்திருந்த சிரிப்பு எல்லாருக்கும் வெடித்தது. தயாரிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை.

“நான் வேலையெல்லாம் விட்டுட்டு வந்தது இதப் பாக்கவா? சிரிப்ப அடக்கத் தெரியாதவங்கள வெச்சு நீங்க ஜனங்கள பயமுறுத்தப் போறீங்க! நான் அந்த டிவிக்காரம்மாவுக்கு போன் போடறேன். இதுக்கு மேல ஒரு பிரேம்கூட இந்தம்மாவ வெச்சு எடுக்காதீங்க.” போனை எடுத்துக் காதில் வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது.

இயக்குநருக்கே குழப்பம். அவரும் முகத்தைத்தானே பார்த்தார். திலகம் அக்கா கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போனேன். “அக்கா, அது நடிப்புதானே? சொல்லுங்கக்கா.”

“நான் நடிச்சேன்னு நானே எப்பிடி பிள்ள சொல்ல? பாத்தவங்கல்லா சொல்லணும்.”

இங்கேதான் உங்கள் கேள்வி வருகிறது. நடிப்பைப் பற்றி கன்டினியூட்டிக்காரி பேசக் கூடாது. அது இயக்குநரின் இடம், அதற்கடுத்து கேமராமேன், அதற்கடுத்து தயாரிப்பாளரின் டிரைவர்கூடப் பேசலாம், நாம் பேசக் கூடாது. ஆனால் நான் பார்த்தது நடிப்பை அல்ல, என் வேலையை. அங்கே இருந்த அத்தனை கண்ணும் ஒரே பக்கம் பார்த்தபோது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஆள் நான். அப்படி ஒன்று நமக்கு மட்டும் தெரிந்திருந்தால் அது அபிப்பிராயம் இல்லை. அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. இதெல்லாம் இப்போது நிதானமாக எழுதுவது. அப்போது நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் தயாரிப்பாளரிடம் போனேன்.

“சார், போன் பேசறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ மானிட்டர்ல பாத்துடுங்க. சத்தமில்லாம.”

“நீ யாரும்மா?”

“கன்டினியூட்டி சார்.”

“அப்டின்னா?”

“எது மாறுச்சுன்னு பாக்கறவ. இதுல எதுவுமே மாறல சார்.”

என்ன நினைத்தாரோ, அவர் வந்து உட்கார்ந்தார். சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு ஓடவிட்டார்கள்.

சத்தம் இல்லாமல் அது வேறு காட்சி. மாலை போட்ட இரும்புகளுக்கு நடுவே ஒரு பெண் ஒழுங்காக வேலை செய்கிறாள். கை அமைதியாக எடுக்கிறது, வைக்கிறது. கையில் ஒன்றுமில்லை. கழுத்துக்கு மேலே வேறு யாரோ வாயைத் திறந்து குலுங்கிக்கொண்டிருக்கிறார்கள். கைக்கு அது தெரியவில்லை. முகத்துக்குக் கை வேலை செய்வது தெரியவில்லை. இரண்டு பேர், ஒரே நாற்காலியில். பக்கத்து மேசை என்று நாங்கள் அவ்வளவு நாள் தேடியது அந்தம்மாவின் கழுத்திலேயே இருந்தது.

கட்டைவிரல் கோட்டில் துடைக்கும் இடம் வந்தபோது தயாரிப்பாளர் தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். அவர் போன் ஒலித்தது. அந்த டிவி நடிகைதான், திரும்பக் கூப்பிடுகிறார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அணைத்தார்.

“இந்தம்மா...” என்றார் மெதுவாக. “இதுக்கு முன்னாடி எதுல நடிச்சிருக்காங்க?”

“பொணமா நடிச்சிருக்கேன் சார்” என்று அவர் காதுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. தயாரிப்பாளர் நாற்காலியோடு ஒரு அடி நகர்ந்தார்.

“இருக்கட்டும்” என்றார். “இவங்களே இருக்கட்டும். எனக்கு இன்னைக்குச் சோறு எறங்காது.” அதன் பிறகு பூஜை சுண்டலை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். போகும்போதுதான் கேட்டார்: “ஆமா, நான் வர்றப்ப ஏன் எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தீங்க?” இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படம் வெளிவந்தது. பெரிய படம் ஒன்று கூடவே வந்ததால் எங்கள் போஸ்டர் மேலேயே அதன் போஸ்டரை ஒட்டினார்கள். வந்த ஒன்றிரண்டு விமர்சனங்களில் ட்யூப்லைட் வெளிச்சத்தைப் பாராட்டினார்கள். ஒருவர், துணை நடிகர்கள் தங்கள் பங்கைச் செய்திருப்பதாக எழுதியிருந்தார். படம் முழுக்க இருப்பதே அக்கா ஒருவர்தான். அந்தம்மா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, சிரித்து, புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் மதியக் காட்சிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். நைட் ஷிப்ட் முடித்த பையன்கள் சிலர் ஏசிக்காக டிக்கெட் எடுத்துப் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு ஹாஸ்டல் பெண்கள் கூட்டம், கம்பெனி அடையாள அட்டை கழுத்தில், மடியில் பாப்கார்ன்.

அந்தக் காட்சி வந்தது. திரையில் வசந்தி சிரிக்க ஆரம்பித்ததும் தியேட்டரும் சிரித்தது. அதில் ஒரு பெண் விசிலடித்தாள். சிரிப்பு நீண்டது. ஒரு பெண் நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவள் நிறுத்தினாள். பாப்கார்ன் கொறிக்கும் சத்தம் நின்றது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவன் எழுந்து உட்கார்ந்தான். திரையில் கட்டைவிரல் கோட்டைத் தேடிப் போனபோது அந்த இருட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஒருவரைத் தவிர. என் பக்கத்து நாற்காலி குலுங்கியது.

“பிள்ள, அந்த மூக்கு...” அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். “அந்த எலுமிச்சம்பழ மூக்கு பிள்ள...” அடக்க அடக்க, சிரிப்பு முந்தானையைத் தாண்டி வெளியே வந்தது. திரையில் வரும் அதே சிரிப்பு, அதே ஏற்றம், அதே மூச்சு, நேர் பின்னாலிருந்து.

முன்வரிசையில் ஒரு பெண் எரிச்சலோடு திரும்பினாள். “ஹலோ, யாருங்க அது, மரியாத இல்லாம சிரிச்சுக்கினு...”

திரை வெளிச்சம் அக்காவின் முகத்தில் விழுந்தது. அந்தப் பெண் அந்த முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் அந்த முகத்தைப் பார்த்தாள்.

அவள் அலறிய அலறலில் பாப்கார்ன் மூன்று வரிசைக்குப் பறந்தது. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி என்று கூட்டம் முழுக்க எழுந்து நின்று அலறியது. எதற்கென்றே தெரியாமல் பின்வரிசைப் பையன்களும் அலறினார்கள்.

திலகம் அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். தலையில் விழுந்திருந்த பாப்கார்னைத் தட்டிவிடவில்லை. மாலை போட்டு மேடையில் நிற்பவரைப் போல, அவர்கள் அலறி முடிக்கும்வரை, கை கூப்பியபடி நின்றார்.